தம்பியின் வலது கையில் இருந்தது

மொரப்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே ஓலைக் கொட்டகையாகக் கிடந்த டீக்கடையை ஓட்டுக் கட்டடமாக நிமிர்த்தியவன் நான். வெறும் பாறை என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் வெடி வைத்துக் கிணறு தோண்டி, தண்ணீர் கண்டவன் நான். அப்பா போன பிறகு ஒரு பக்கம் சரிந்து நின்ற வீட்டுக்குச் சுவர் எழுப்பி, தங்கைகளைக் கட்டிக் கொடுத்து, ஆத்தாவைக் கடைசி மூச்சு வரை குறையில்லாமல் வைத்திருந்தவன் நான். கல்லூரிக்குப் பின்னால் ஆள் நுழைய முடியாமல் மண்டிக் கிடந்த முள்காட்டை வெட்டி, இன்று பிள்ளைகள் ஓடுகிற மைதானமாக ஆக்கியதும் நான்தான். அது பலருக்குத் தெரியாது, பின்னால் சொல்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தேன். இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் கட்டி எழுப்பியது ஒன்று உண்டு என்றால், அது என் தம்பி.

தம்பியின் காரியத்தன்று கொடுக்கப்படும் இந்த நினைவு மலருக்கு, அண்ணன் என்ற முறையில் நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய மாணவர்கள் கேட்டார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆள் நான் இல்லை. அவரும் இல்லை. 'அவர்' என்றுதான் எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். பிறந்த நாள் முதல் வாடா போடா என்று கூப்பிட்ட வாய்க்கு இது சிரமம். இருந்தாலும் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவருக்கு உரிய மரியாதையை நான் குறைக்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அது அவளுடையது. விஷயம் என்னுடையது.

தம்பி பிறந்தது மொரப்பூரில், தண்டவாளத்தை ஒட்டிய ரயில்வே லைன் வீட்டில். அப்பா கேங்மேன். தண்டவாளத்தில் ஆணி தளர்ந்திருக்கிறதா என்று நடந்தே பார்க்கிற வேலை. தம்பி தவழுகிற வயதில் அப்பா காய்ச்சலில் போனார். லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், சரிந்து நின்ற எங்கள் பழைய வீடுதான் மிச்சம். நான் அப்போது ஜோலார்பேட்டையில் ஒரு கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். ஊருக்கு வந்து ஸ்டேஷன் எதிரே கொட்டகை போட்டேன். எங்கள் ஊரில் அப்போது இரண்டே மாஸ்டர்கள். உள்ளே இருப்பவர் ஸ்டேஷன் மாஸ்டர், வெளியே இருப்பவன் டீ மாஸ்டர். அந்த இரண்டாவது ஆள் நான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தம்பி கெட்டிலைத் தூக்கிவிட்டார். பித்தளைக் கெட்டில், உள்ளே ஈயம் பூசியது, அடியில் கரி போடுகிற கூடு. ஆறாமல் இருக்கும், ஆனால் பக்கத்தில் அண்ட முடியாது. இடது கையில் கிளாஸ் அடுக்கிய கம்பிக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வலது கையில் கெட்டிலோடு பிளாட்பாரத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு ஓட வேண்டும். ரயில் நிற்கிற நேரம் கொஞ்சம். தொடங்கிய புதிதில் ஒரு நாள் கெட்டில் தொடையில் இழுத்துவிட்டது. தோல் வழண்டு, ஆறி, பனங்கொட்டை அளவுக்குத் தழும்பு நின்றது. அதற்குப் பிறகு அவருடைய வலது கை உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருந்தது. ஆடாது, அசையாது. முழங்காலை மெத்தென்று மடித்து ஓடுவார். கெட்டில் மூக்கு வழியாக ஒரு சொட்டு சிந்தாது.

வாயும் சும்மா இருக்காது. ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற ஆள், "இது டீயாப்பா, வெந்நீரா?" என்று இழுப்பார்.

"குடிச்சுப் பாத்துட்டே சொல்லுங்க. யோசிச்சீங்கன்னா ரயிலு போயிரும்" என்பார் தம்பி.

ஒரு நாள் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. கிளாஸ் அவர் கையில். தம்பி கெட்டிலோடு கூடவே ஓடினார். பிளாட்பாரம் முடிந்த பிறகும், ஜல்லியில் இறங்கி ஓடி, அவர் நீட்டிய கிளாஸை வாங்கிக் கூடையில் வைத்துவிட்டுத்தான் நின்றார். அந்த ஆள் அரூர் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு வாத்தியார். மறுநாளே கடைக்கு வந்துவிட்டார்.

"அந்தக் கெட்டில் பையன் யாருங்க?"

"ஏனுங்க, காசு வாங்காம வந்துட்டானா, கிளாஸை ஒடச்சுட்டானா?"

"ஒண்ணும் ஒடைக்கலீங்க. ரயிலை ஜெயிச்சுட்டான்."

பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று அவர் சொன்னார். அப்படியானால் கெட்டிலை யார் தூக்குவது என்று ஆத்தா கேட்டது. நான் தூக்குகிறேன் என்றேன். அடுப்படியிலும் நான், பிளாட்பாரத்திலும் நான். எனக்குக் கால் அவ்வளவு வேகம் வராது. வண்டி போன பிறகு பாதிக் கெட்டிலோடு திரும்பி வருவேன். யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். அரூரில் பள்ளி, தருமபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த சமயத்தில் சேலத்தில் கல்லூரி, பிறகு சென்னையில் உடற்கல்விப் பயிற்சி. இத்தனைக்கும் பின்னால் அந்தக் கெட்டில் ஒன்றுதான் கொதித்துக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நம் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. நானும் கூடப் போனேன். வெள்ளை வேட்டி சட்டையில் வேப்பமரத்தடியில் நின்றேன். தம்பி வெளியே வந்தார்.

"என்ன கேட்டாங்க?"

"முக்கியமா பேக்கிரவுண்டு கேட்டாங்கண்ணா."

"நீ என்ன சொன்ன?"

"நல்லபடியாச் சொல்லிட்டேங்கண்ணா."

கிரவுண்டு என்றால் விளையாட்டு மைதானம். பேக் என்றால் பின்பக்கம் என்று ரயில்வேக்காரன் வீட்டில் பிறந்த எனக்குத் தெரியும். எஞ்சினைப் பின்னால் எடுக்கும்போது கத்துவார்கள். ஆகவே தம்பியைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டு, கல்லூரிக் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வேலிக்காத்தான் முள்ளும் கள்ளியும் கரையான் புற்றும். இதைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள், பையன் திண்டாடியிருப்பான் என்று முடிவு கட்டினேன். வேலை உத்தரவு வந்ததும் மொரப்பூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிற ஆட்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, அரிவாள் கடப்பாரையோடு போய் இறங்கினேன். பிரின்சிபால் பதறிப்போய் வந்தார்.

"யாருங்க நீங்கள்லாம்?"

"புதுசா வந்திருக்கிற பி.டி. மாஸ்டரோட அண்ணனுங்க. நீங்க கேட்ட பேக்கிரவுண்டை நாங்க பாத்துக்கிறமுங்க."

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சந்தோஷத்தில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் முள் வெட்டி, புற்று இடித்து, தரை காண வைத்தோம். தம்பி அன்று என் பக்கத்திலேயே வரவில்லை. புது இடம், கூச்சம் என்று விட்டுவிட்டேன்.

அந்த மைதானத்தில் தம்பி எப்படிப்பட்ட ஆசிரியராக இருந்தார் என்பதில் நான் ஒரு சொல் குறைத்துச் சொல்ல மாட்டேன். பையன்களை அடித்ததில்லை. காலியான வயிற்றோடு ஒருவனையும் ஓட விட்டதில்லை. முகத்தைப் பார்த்தே, "காலையில சாப்புட்டியா?" என்று கேட்பாராம். அதியமான்கோட்டையில் அவர் குடியிருந்த வீட்டில் எப்போதும் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழ் தயாராக இருக்கும். கடைசியாக வருகிற பையனோடு சேர்ந்து ஓடி அவனைக் கோடு வரை கொண்டுவந்து விடுவார். சுகாதார வகுப்பில், கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும், ஒருவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்னதை மாணவர்கள் பெருமையாக என்னிடம் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன். அந்தப் பாடம் எந்த அடுப்படியில் நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கல்லூரியில் ஒரு வருஷம் விளையாட்டு விழாவுக்கு டீ போட என்னை அழைத்தார் தம்பி. பெரிய அண்டாவோடு போனேன். டீ கொதிப்பதற்குள் ஓட்டப் பந்தயம் தொடங்கிவிட்டது. போய் நின்றேன். விசில் அடித்ததும் பையன்கள் ஓடினார்கள். எனக்குக் கண் நிலைகுத்திவிட்டது. அத்தனை பேரும் இடது கையை வீசுகிறார்கள். வலது கை மட்டும் உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஆடாமல், அசையாமல். கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஓடுகிற ஒவ்வொரு பையன் கையிலும் என் கெட்டில்.

பக்கத்தில் ஒரு பையனின் அப்பா நின்றிருந்தார், அதியமான்கோட்டை விவசாயி.

"என்னுங்க, எல்லாப் பசங்களும் கையை இப்படி ஒதுக்கி வச்சுக்கிட்டு ஓடுதுங்க?" என்று கேட்டேன், அவர் வாயால் கேட்டு ஆனந்தப்படலாம் என்று.

"தெரியாதுங்களா? இதுக்குப் பேரே சித்தேரி ஸ்டைலுங்க. மாஸ்டரு சின்ன வயசுல சித்தேரி மலை ரோட்டுலதான் ஓடிப் பழகினாராம். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கையை நீட்டுனாத்தான் பேலன்ஸு நிக்குமாம். பசங்க அவரைப் பாத்தே கத்துக்கிட்டாங்க."

"மாஸ்டரே சொன்னாருங்களா?"

"அவரு வாயால சொன்னதுங்க. நீங்க எந்தப் பையனுக்கு அப்பா?"

"பையன் இல்லீங்க. நான் டீக்கு வந்தவன்."

"அப்படீங்களா. டீ எப்பங்க வரும்?"

போய் டீயை இறக்கினேன். எல்லாருக்கும் ஊற்றினேன். என் தம்பி சித்தேரி மலையில் கால்கூட வைத்ததில்லை என்று அந்த மைதானத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் கேட்டேன். தம்பியின் மனைவி பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த நேரம்.

"சித்தேரியை நீ எப்படா பாத்த?"

தம்பி எழுந்து வாசல் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார். "மெட்ராஸ்ல டிரெயினிங்ல என் கையைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்கண்ணா. ஏன்டா இப்படி ஓடறேன்னு சார் கேட்டாரு. கூடப் படிச்சவங்க அப்பா வக்கீலு, மாமா டாக்டருன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. எனக்கு வாயில சித்தேரின்னு வந்திருச்சு. அப்புறம் இன்டர்வியூல பேக்கிரவுண்டு கேட்டப்பவும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

"பேக்கிரவுண்டுன்னா அந்த முள்ளுக்காடு தானடா?"

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றுவிட்டது. "இல்லீங்கண்ணா. பேக்கிரவுண்டுன்னா நாம எங்க இருந்து வந்தோங்கிறது."

"அதைத்தான் நீ மறச்சிட்டியே. கெட்டிலுன்னு சொன்னா நாக்கு வெந்துருமா?"

"பி.டி. மாஸ்டர்னாலே சும்மா விசில் ஊதறவன்னு மத்த வாத்தியாருங்களுக்கு ஒரு எளக்காரம்ணா. இதும் தெரிஞ்சுதுன்னா பசங்க என்னை டீ மாஸ்டர்னு கூப்புடுவாங்க."

"நான் டீ மாஸ்டர் தானடா."

"அதாங்கண்ணா" என்றார்.

அதாங்கண்ணா. அவ்வளவுதான் சொன்னார். வெடி வைத்துக் கிணறு தோண்டியபோதுகூட என் உடம்பு அப்படி அதிர்ந்ததில்லை. நான் எழுந்துவிட்டேன். வாசல் வரை பின்னால் வந்து, "கோவிச்சுக்காதீங்கண்ணா. ஒரு நாளைக்கு நானே பசங்க முன்னாடி சொல்லிர்றேன்" என்றார். சத்தியம் எல்லாம் கேட்கவில்லை. தம்பி சொன்னால் செய்வார் என்று நம்பினேன்.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் குளிர் முடிகிற சமயத்தில் அவர் மாணவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு சித்தேரிக்கு ஓடப் போனார். மாஸ்டர் ஓடிய பாதையாம். தருமபுரியிலிருந்து சித்தேரிக்குப் போகிற வண்டி மொரப்பூர் வழியாகத்தான் போக வேண்டும். என் கடையில்தான் நிற்கும். பையன்கள் இறங்கி டீ குடிப்பார்கள். தம்பி முன் சீட்டை விட்டு இறங்க மாட்டார். நானே ஒரு கிளாஸைக் கொண்டுபோய் ஜன்னல் வழியாகக் கொடுப்பேன். ஒரு காலத்தில் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றார். இப்போது உள்ளே உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் எதிரே தெரிகிறது. இந்தத் தடவை கையை நீட்டிக் காட்டுவார், இந்தத் தடவை காட்டுவார் என்று நினைப்பேன். காலி கிளாஸ்தான் திரும்பி வரும்.

ஒரு தடவை ஒரு பையன் என் கடைக் கெட்டிலைத் தூக்கிப் பார்த்து, "யப்பா, என்னா கனம்! இதைத் தூக்கிக்கிட்டு எப்படிங்க நடப்பீங்க?" என்றான். நடப்பதில்லை, ஓடுவோம் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேன் ஜன்னலைப் பார்த்தேன். தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.

எழுபதுகள் முடிகிற இந்தச் சமயத்தில், ஓடிக்கொண்டே இருந்த மனிதரை மஞ்சள் காமாலை படுக்க வைத்துவிட்டது. வேலூருக்கும் சேலத்துக்கும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, கடைசியில் தருமபுரி ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தோம். நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கேயே இருந்தேன். படுத்திருக்கும்போதும் வலது கை உடம்பிலிருந்து விலகியே கிடந்தது. நர்ஸ் அம்மா எடுத்து நெஞ்சில் வைப்பார். மறுபடி விலகிவிடும்.

பார்க்க வருகிற மாணவர்களுக்காக நான் கெட்டிலில் டீ கொண்டுவந்தேன். வேறு பாத்திரம் இல்லாமல் இல்லை. வேண்டுமென்றேதான் அந்தக் கெட்டிலைக் கொண்டுவந்தேன். ஒரு நாள் கட்டிலைச் சுற்றிப் பையன்கள் நின்றார்கள். தம்பி கெட்டிலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். சரி, சொல்லப் போகிறார் என்று நானும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

"அண்ணா, பசங்க வெயில்ல வந்திருக்காங்க. டீ குடுங்க."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"சக்கரை கொஞ்சம் கூடப் போடுங்கண்ணா."

எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். சர்க்கரையும் கூடப் போட்டேன். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது மாணவர்கள்தான் தண்ணீர் ஊற்றினார்கள். மைதானத்தில் மற்ற வாத்தியார்கள் அரைக்கால் சட்டை போடுவார்கள், எங்கள் மாஸ்டர் மட்டும் முழு பேண்ட்தான், அவ்வளவு கண்ணியம் என்று அவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அவர்கள் அந்தத் தொடையைப் பார்த்தார்கள். ஒரு பையன் தழும்பைத் தொட்டுவிட்டு, கண்ணில் தண்ணீரோடு என்னைக் கேட்டான்.

"மலையில விழுந்து பட்டதுங்களா ஐயா?"

பிணத்தை வைத்துக்கொண்டு வழக்குப் பேச எனக்கு மனம் வரவில்லை. "ஊத்துப்பா, தண்ணி ஊத்து" என்று மட்டும் சொன்னேன். அவன் தொடையை என் கையாலேயே துடைத்தேன். இந்த இடத்தில் தம்பிக்கு 'அவன்' என்று வந்துவிட்டது. மகள் அதை அடித்துத் திருத்தப் பார்த்தாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தம்பியின் வாழ்வில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன். ரயிலிலிருந்து பார்த்த ஓட்டத்தை மறக்காமல் மறுநாள் தேடி வந்த அரூர் வாத்தியாருக்கு. பையன் பிளாட்பாரத்தில் ஓடுவதைக் கண்டும் காணாதது போல் இருந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு. கெட்டிலுக்கு ஈயம் பூசி, சூடு இறங்காதபடி கைப்பிடிக்குப் பிரம்பு சுற்றிக் கொடுத்த தருமபுரி பாய்க்கு. முள் வெட்ட வந்து கை கிழிந்த கூட்ஸ் ஷெட் ஆட்களுக்கு. ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காத நர்ஸ் அம்மாவுக்கு. தோள் கொடுத்துத் தூக்கிய மாணவர்களுக்கு. தம்பியின் மனைவிக்கும் சின்னப் பெண்ணுக்கும் நான் இருக்கிறேன், அதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது மாணவர்களுக்கு ஒன்று. அடுத்த வருஷ நினைவு நாளில் சித்தேரி மலை ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு கல் நடப் போகிறீர்கள் என்றும், 'இந்த மலையில் தன் சொந்த முயற்சியால் ஓடிப் பழகியவர்' என்று அதில் வெட்டப் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். உங்கள் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வரி பொய். உங்கள் மாஸ்டர் உங்களிடம் சொல்வதாக எனக்கு வாக்குக் கொடுத்தார், சொல்லாமல் போய்விட்டார். அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். அவர் ஓடிப் பழகியது மொரப்பூர் பிளாட்பாரத்தில். கல்லையும் அங்கே, ஸ்டேஷன் வாசலில், என் கடைக்கு எதிரே நடுங்கள். இடம் கேட்டு வாங்குவது என் பொறுப்பு. இதைவிடப் பெரிய இடங்களில் நின்று வாங்கியவன் நான்.

இல்லை, சித்தேரியில்தான் நடுவோம் என்றால் நடுங்கள். அங்கே நீங்கள் ஓடியது உண்மை. ஆனால் 'சொந்த முயற்சியால்' என்பதை எடுத்துவிட்டு, 'அவருடைய வலது கையில் இருந்தது அண்ணனின் கெட்டில்' என்று வெட்டுங்கள். என் பெயருக்கு இடம் போதாவிட்டால் 'அண்ணன்' என்று மட்டும் போதும். மொரப்பூரில் இறங்குகிற எவரைக் கேட்டாலும் அது யார் என்று சொல்லுவார்கள். அன்றைக்கு வருகிற எல்லாருக்கும் டீ என்னுடையது என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரி கல்லில் ஏறட்டும். பிறகு கெட்டில் அடுப்பில் ஏறும்.